நல்கையின் அலகு: இந்திய அரசின் நிகழ்த்துகலை ஆதரவு குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

கலைஞரைப் புரப்போர் யார் என்னும் வினா தமிழ் இலக்கியத்திற்குப் புதியதன்று. பத்துப்பாட்டில் சரிபாதி நூல்கள் ஆற்றுப்படைகளாகும். அவற்றுள் திருமுருகாற்றுப்படை நீங்கலாக ஏனைய நான்கும் பாணரையும் பொருநரையும் கூத்தரையும் புரவலரிடம் வழிப்படுத்துவன. பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வழிகூறும் இவ்விலக்கிய வகை, கலைக்கும் பொருளுக்கும் இடையிலான உறவைப் பாடுபொருளாகக் கொண்டது. முடியரசும் குறுநில ஆட்சியும் மறைந்து மக்களாட்சி மலர்ந்தபின் புரவலன் இருந்த இடத்தில் அரசு வந்து அமர்ந்தது. அதன் நல்கை போதுமா, போதாதா என்பதே பெரும்பாலான விவாதங்களின் மையமாக இருந்து வருகிறது. தொகையைப் பற்றிய இவ்விவாதம் தேவையானது; எனினும் முழுமையானதன்று. நல்கை எவ்வளவு என்பதைப் போலவே எதற்கு என்பதும், எந்த அலகைக் கணக்கிட்டு அது வழங்கப்படுகிறது என்பதும் கலையின் போக்கை முடிவு செய்கின்றன. இந்திய அரசும் மாநில அரசுகளும் வட்டார நிகழ்த்துகலைகளுக்கு அளித்துவரும் ஆதரவின் அலகுகள் அக்கலைகளின் உண்மையான அலகுகளோடு பொருந்துகின்றனவா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

காணி என்னும் பழைய அலகு

சங்ககாலப் பரிசில் ஒருமுறை வழங்கப்படும் கொடை. சோழர்காலத்தில் இந்நிலை மாறியது. கோயிலை மையமாகக் கொண்ட நிலவுடைமை அமைப்பில் கலைஞருக்கு நிலையான உரிமை வகுக்கப்பட்டது. தஞ்சைப் பெருங்கோயிலில் முதலாம் இராசராசன் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்தினான். ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. ஒரு பங்கிற்கு ஆண்டொன்றுக்கு 100 கலம் நெல் எனக் கல்வெட்டு வரையறுக்கிறது. இரண்டாம் இராசேந்திரன் காலத்தில் அக்கோயிலின் வைகாசி விழாவில் இராசராசேச்சுவர நாடகம் நடத்துவதற்கு ஆண்டுக்கு 120 கலம் நெல் ஒதுக்கப்பட்டது. சாக்கைக் கூத்து ஆடுவோருக்கு விடப்பட்ட நிலம் சாக்கைக் காணி எனப் பெயர்பெற்றது. காமரசவல்லிக் கோயில் கல்வெட்டு இதற்குத் தக்க சான்றாகும்.

இவற்றுள் தளிச்சேரிக் கல்வெட்டின் ஒரு கூறு தனித்த கவனத்திற்குரியது. பங்கு பெற்றவர் இறந்தாலோ விலகினாலோ அவருக்கு நெருங்கிய உறவினர் அப்பணியைச் செய்து பங்கைப் பெறலாம். அவ்வுறவினருக்குத் தகுதி இல்லையெனில் தகுதியுடைய வேறொருவரைக் கொண்டு பணியைச் செய்விக்க வேண்டும். உரிமை குடும்பத்திற்கு உரியதாயினும் பணி தடையின்றி நடைபெற வேண்டும் என்பதே இவ்விதியின் கருத்து. ஆகவே, இங்கு ஆதரவின் அலகு தனிமனிதர் அன்று. குறித்த இடத்தில் குறித்த காலத்தில் நடைபெற வேண்டிய ஆட்டமே அலகு. ஆட்டம் உள்ளவரை பங்கும் உண்டு. அதற்காக ஆண்டுதோறும் புதிதாக எவரிடமும் சென்று கேட்க வேண்டியதில்லை.

இதனைப் பொற்காலமாகக் காட்டுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. காணி பிறப்பின் அடிப்படையில் அமைந்தது. கலையைக் கற்கும் உரிமையைச் சில குடிகளுக்குள் அடைத்தது. கலைஞரைக் கோயிலோடும் ஊராரோடும் பிணைத்தது. கோயில் நடன மரபைச் சார்ந்த பெண்கள் பிற்காலத்தில் அடைந்த இழிவுக்கும் இப்பிணைப்பில் பங்குண்டு. எனவே, காணி முறை மீண்டும் வரவேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம் அன்று. அம்முறை மறைந்தபோது கலை இழந்தது எது, அந்த இழப்பை ஈடுசெய்ய வந்த முறை எதனை அளித்தது என்பதே வினா.

காணி நீங்கியதும் கழகம் வந்ததும்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இயற்றப்பட்ட சட்டங்கள் இப்பழைய அமைப்பை அகற்றின. சென்னை மாகாணத்தில் 1947ஆம் ஆண்டின் தேவதாசி ஒழிப்புச் சட்டம், 1948ஆம் ஆண்டின் சமீன் ஒழிப்புச் சட்டம், 1963ஆம் ஆண்டின் சிறு இனாம் ஒழிப்புச் சட்டம் ஆகியன குறிப்பிடத்தக்கவை. கேரளத்தில் 1970இல் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தம் கோயில்களின் நில வருவாயைக் குறைத்தது. அவ்வருவாயைச் சார்ந்திருந்த சாக்கியார், நம்பியார் குடும்பங்களும் அதனால் தாக்குற்றன. இச்சட்டங்கள் சமூக நீதியின் பொருட்டு எழுந்தவை. அவற்றின் நியாயத்தில் ஐயமில்லை. ஆனால் உழுதவனுக்கு நிலம் கிடைத்தபோது, அந்நிலத்தின் விளைச்சலில் வாழ்ந்த ஆட்டத்திற்கு மாற்று வழி அச்சட்டங்களில் வகுக்கப்படவில்லை. அப்பொறுப்பு வேறொரு துறைக்கும் வேறொரு நிறுவனத்திற்கும் சென்றது.

1952ஆம் ஆண்டு நடுவண் அரசின் கல்வி அமைச்சகத் தீர்மானத்தின்வழித் தோற்றுவிக்கப்பட்ட சங்கீத நாடக அகாதெமி 1953 சனவரி 28ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்டது. சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாகவும் தெலுங்கு நாடக ஆசிரியராகவும் விளங்கிய பி.வி. இராசமன்னார் அதன் முதல் தலைவர். சாகித்திய அகாதெமியும் இலலிதகலா அகாதெமியும் 1954இல் தொடங்கப்பட்டன. மன்னராட்சியில் அரசவையைச் சார்ந்திருந்த கலைகள் மக்களாட்சியில் மக்களிடமிருந்தே வாழ்வு பெற முடியும். மக்கள் விருப்பத்தின் அமைப்பு வடிவமான அரசுக்கு அவற்றைப் பேணுவது முதற்கடமைகளுள் ஒன்று என்பது சங்கீத நாடக அகாதெமித் தொடக்கவிழாவில் மௌலானா ஆசாத் முன்வைத்த கருத்து. இக்கருத்தில் இரண்டு புரவலர்கள் உள்ளனர்: ஒருவர் மக்கள், மற்றொருவர் அரசு. பின்வந்த திட்டங்கள் இரண்டாம் புரவலரை மட்டுமே நினைவிற் கொண்டன என்பதை இனி வரும் பகுதிகள் காட்டும்.

கட்டுப்பாடும் ஆதரவும்

நாடகத்தோடு அரசு கொண்ட முதல் உறவு ஆதரவு அன்று, கட்டுப்பாடு. 1876ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிகள் சட்டம் ஆங்கில ஆட்சியை விமர்சித்த நாடகங்களை ஒடுக்க எழுந்தது. விடுதலைக்குப் பின்னரும் பன்னெடுங்காலம் சட்ட ஏட்டில் இருந்த அது, அண்மைக் காலத்திலேயே நீக்கப்பட்டது. சென்னை மாநிலம் 1954இல் தனக்கெனத் தனியாக ஒரு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தை இயற்றியது. எம்.ஆர். இராதாவின் இராமாயண நாடகம் எழுப்பிய எதிர்ப்பும் விவாதமும் அதன் பின்னணியாகும். இச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் சென்னை உயர்நீதிமன்றம் 2013இல் செல்லாதெனத் தீர்ப்பளித்தது. சட்டம் வந்த அடுத்த ஆண்டில், 1955இல், சென்னை மாநில சங்கீத நாடக சங்கம் அமைக்கப்பட்டது. அதுவே பின்னர்த் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் ஆயிற்று. ஒரே அரசு ஓராண்டு இடைவெளியில் ஒரு கையால் நாடகத்திற்கு உரிமம் கேட்டது. மறு கையால் பரிசளித்தது. இவ்விரண்டையும் தொடர்பற்ற நிகழ்வுகளாகக் கொள்ள இயலாது. எந்தக் கலை தக்கது என வரையறுக்கும் அதிகாரம் இரண்டிற்கும் பொதுவானது.

அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் அரங்குகளும் நாடக நிகழ்ச்சிகளும் மாநிலப் பட்டியலின் 33ஆம் பதிவில் இடம்பெறுகின்றன. எனினும் தேசிய அகாதெமி, தேசிய விருது, பண்பாட்டு அமைச்சகத்தின் நல்கைத் திட்டம் ஆகிய அனைத்தும் தில்லியிலிருந்து இயங்குகின்றன. வட்டாரக் கலையொன்று தேசிய ஏற்பைப் பெறுவதற்குத் தன் வட்டாரத்தைவிட்டு வெளியே சென்று, தன்னை அறியாத ஒரு குழுவின்முன் தன்னை விளக்க வேண்டிய நிலை இதனால் ஏற்படுகிறது. 1985-86இல் ஏழு மண்டலப் பண்பாட்டு மையங்கள் நிறுவப்பட்டமைக்கு இவ்விடைவெளியைக் குறைப்பதும் ஒரு நோக்கமாகும். பாட்டியாலா, உதயப்பூர், அலகாபாத், கொல்கத்தா, திமாப்பூர், நாகப்பூர் ஆகியவற்றோடு தென்மண்டலத்திற்குத் தஞ்சாவூர் தலைமையிடம் ஆயிற்று.

மூன்று அலகுகள்

இன்றுள்ள ஆதரவுத் திட்டங்களை அவற்றின் அலகு நோக்கி மூன்றாக வகைப்படுத்தலாம்: ஆள், நிகழ்ச்சி, திட்டப்பணி.

ஆளை அலகாகக் கொண்டவை விருதும் ஓய்வூதியமும். நலிந்த கலைஞர்க்கான நடுவண் அரசின் உதவித்திட்டம் 1961ஆம் ஆண்டு முதல் பல பெயர் மாற்றங்களுடன் நடைபெற்று வருகிறது. முதிய கலைஞருக்கு மாதம் 6,000 ரூபாய் வரை என்பது அண்மைக்கால வரம்பு. தமிழ்நாட்டில் நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியம் 2007இல் அமைக்கப்பட்டது. இவை கலைஞரின் முதுமைக்கும் நோய்க்கும் துணைநிற்பவை; ஆதலின் வரவேற்கத்தக்கவை. ஆனால் இவை கலைஞரை ஆதரிக்கின்றன, கலையை அன்று. விருதைப் பொறுத்தவரை அரசே தன் குறையை ஒப்புக்கொண்ட சான்று ஒன்றுண்டு. 2022 நவம்பரில் சங்கீத நாடக அகாதெமி 2019, 2020, 2021 ஆகிய மூன்று ஆண்டுகளுக்குமான விருதுகளை ஒருங்கே அறிவித்தது. அப்போதே, 75 வயதைக் கடந்தும் அதுவரை தேசிய மதிப்பு எதனையும் பெறாத 80க்கும் மேற்பட்ட கலைஞர்களுக்கு அமிர்த விருது என்னும் சிறப்பு விருதையும் அறிவித்தது. எழுபதாண்டுகள் இயங்கிய நிறுவனமொன்று, தன் கண்ணிற்படாமல் முதுமை எய்தியவர்களைத் தேடித் தனி விருது அமைக்க நேர்ந்தது என்பதே அதன் பார்வையின் எல்லையைப் புலப்படுத்துகிறது.

நிகழ்ச்சியை அலகாகக் கொண்டவை கலைவிழாக்கள். மண்டல மையங்கள் நடத்தும் விழாக்களும் தமிழ்நாட்டில் 2007 முதல் சில ஆண்டுகள் நடந்து, ஆட்சி மாற்றத்திற்குப்பின் நின்று, 2023இல் மீண்டும் தொடங்கிய சென்னை சங்கமமும் இவ்வகையின. நகர மக்கள் கரகத்தையும் பறையையும் தேவராட்டத்தையும் மதிப்போடு காண இவை வாய்ப்பளித்தன. இழிவாகக் கருதப்பட்ட பறை, பூங்காவிலும் பொதுமேடையிலும் ஒலித்தமை சமூக முக்கியத்துவம் உடையது. ஆயினும் விழாமேடை ஒரு கலைக்கு அளிக்கும் நேரம் நிமிடங்களில் கணக்கிடப்படுகிறது. இரவு முழுதும் நிகழும் கூத்தின் கட்டியக்காரன் வருகையும் ஒரு வேடத்தின் திரைப்பாட்டும் மட்டுமே அந்நேரத்தில் அடங்கும். அங்கு வெளிப்படுவது கலையின் மாதிரித் துண்டு. மாதிரி தொடர்ந்து காட்டப்படும்போது முழுமை தேவையற்றது என்னும் எண்ணம் காண்போரிடம் மட்டுமன்றி ஆடுவோரிடமும் உருவாகிறது. ஆட்சி மாறினால் விழா நிற்கும் என்பது இவ்வலகின் மற்றொரு பலவீனம்.

மூன்றாவது அலகாகிய திட்டப்பணியே கலையின் உள்ளடக்கத்தை நேரடியாகத் தீண்டுவது. அதனைத் தனியே காண்பது பொருத்தமாகும்.

திட்டப்பணியும் அழகியலும்

சங்கீத நாடக அகாதெமி 1984இல் இளம் நாடகக் கலைஞர்களுக்கான உதவித் திட்டத்தைத் தொடங்கியது. மரபுக்கலைக் கூறுகளோடு உறவாடி நவீன நாடகம் படைக்க விரும்பும் இளம் இயக்குநர்களுக்கு நிதி அளித்து, மண்டல விழாக்களிலும் தேசிய விழாவிலும் மேடை தந்த இத்திட்டம் 1994 வரை நடைபெற்றது. சுரேஷ் அவஸ்தி முன்மொழிந்த வேர்களின் அரங்கு என்னும் கருத்தாக்கம் இதன் கோட்பாட்டுத் துணையாயிற்று. காலனிய மேடை மரபிலிருந்து இந்திய நாடகத்தை விடுவிப்பது அதன் நோக்கம். பல மொழிகளிலும் இளம் இயக்குநர்கள் தம் மண்ணின் கலைகளைத் தேடிச் செல்ல இது தூண்டுகோலாயிற்று என்பது மறுக்க முடியாதது.

எனினும் அக்காலத்திலேயே எதிர்க்குரல்களும் எழுந்தன. மரபு என்பதை நிறுவனம் வரையறுத்து நிதியின் வாயிலாக ஊக்குவிக்கும்போது, அம்மரபு தேவையின் பொருட்டன்றி நிதியின் பொருட்டுப் புனையப்படும் என ரஸ்தம் பரூச்சா விமர்சித்தார். இவ்விமர்சனத்தின் வலிமையை உணர, தமிழ்ச்சூழலில் இத்திட்டத்திற்கு முன்னரே நிகழ்ந்ததை நோக்க வேண்டும். ந. முத்துசாமி தெருக்கூத்தைக் கண்டு, புரிசை கண்ணப்பத் தம்பிரானின் கலையை நவீன எழுத்தாளர் உலகிற்கு அறிமுகப்படுத்தி, 1977இல் கூத்துப்பட்டறையை நிறுவியது எந்தத் திட்டத்தின் அழைப்பினாலும் அன்று. அது ஓர் எழுத்தாளர் தம் கலைத்தேவையால் மேற்கொண்ட தேடல். கூத்து அங்கு நடிகரின் உடலையும் குரலையும் பயிற்றும் பள்ளியாயிற்று. திட்டப்பணியில் நிகழ்ந்ததோ வேறு. பயன் விழா நாளில் மேடையில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஆகவே பயிற்சியாகச் செரிக்கப்பட வேண்டிய மரபு, ஒப்பனையாகவும் இசையாகவும் அடவாகவும் ஒட்டப்பட்டது. காலம் குறுகியதாக இருந்தால் மரபு அலங்காரமாவது தவிர்க்கவியலாத விளைவு; இதற்கு இயக்குநரின் நேர்மையின்மையை மட்டும் காரணமாகக் காட்டுவது முறையாகாது.

இதனினும் கருதத்தக்கது மற்றொன்று. கூத்தைப் பயன்படுத்திய நவீன நாடகத்திற்குத் திட்டப்பணி நிதி கிடைத்தது. அக்கூத்தைப் பயிற்றுவித்த ஆசிரியரின் குழுவிற்கு அத்திட்டத்தில் இடம் இல்லை. மரபு மூலப்பொருளாகவும் நவீனம் படைப்பாகவும் கணக்கிடப்பட்டன. நல்கையின் அலகு ஒரு திறனாய்வுத் தீர்ப்பாகச் செயற்படும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

ஜமாவும் பருவமும்

வடதமிழகக் கூத்தின் உண்மையான அலகு எது? ஆடுவோரின் வழக்கில் அது ஜமா அல்லது செட். ஜமா என்பது வாத்தியார், வேடக்காரர், மிருதங்கக்காரர், முகவீணைக்காரர் முதலியோர் ஒரு பருவத்திற்கு ஒன்றிணையும் கூட்டு. திரௌபதியம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடைபெறும் கோடை மாதங்களே அதன் தலையாய பருவம். ஊரார் தலைக்கட்டு வரி தண்டிப் பொருள் சேர்ப்பர். வாத்தியாரிடம் தாம்பூலம் கொடுத்து நாள் உறுதி செய்வர். வருவாய், ஆடுவோரின் திறனுக்கும் வேடத்திற்கும் ஏற்பப் பங்குகளாகப் பிரிக்கப்படும். பருவம் தொடங்குமுன் நல்ல வேடக்காரரைத் தம் ஜமாவில் நிலைநிறுத்த வாத்தியார் முன்பணம் தரவேண்டும். கட்டைகளைப் புதுப்பிக்க வேண்டும். இதற்கு அவர் கடன் வாங்குவார். கூத்தின் பொருளியலில் மிக இக்கட்டான இடம் இதுவே. கருமாதிச் சடங்கில் நிகழும் கர்ண மோட்சம் முதலியன பருவத்திற்கு வெளியே கிடைக்கும் துணை வருவாய்.

இவ்வமைப்போடு, குரு-சிஷ்ய மரபைப் பேணுவதற்கெனப் பண்பாட்டு அமைச்சகம் வழங்கும் நல்கையை ஒப்பிடலாம். அதன் விதிப்படி குருவுக்கு மாதம் 15,000 ரூபாய். சீடருக்கு வயதைப் பொறுத்து 2,000 முதல் 10,000 ரூபாய் வரை. குழு பதிவு பெற்றதாக இருக்க வேண்டும். தணிக்கை செய்யப்பட்ட கணக்கும் பயன்பாட்டுச் சான்றிதழும் அளிக்க வேண்டும். மாத ஊதியம் போன்று தொடர்ந்து கிடைக்கும் உதவி என்ற வகையில் பிற திட்டங்களைவிட இது மேம்பட்டது. காணிக்கு ஓரளவு நெருங்கி வருவதும் இதுவே. ஆனால் இதன் அகத்திலும் மூன்று பொருத்தமின்மைகள் உள்ளன.

முதலாவது, பங்கீட்டு அளவுகோல். ஜமா திறனையும் வேடத்தையும் நோக்கிப் பங்கு தருகிறது. நல்கை வயதை நோக்கித் தருகிறது. துரியோதனன் வேடமிடும் இளைஞனும் கோமாளியாக வரும் முதியவரும் ஜமாவில் பெறும் மதிப்பு நல்கைப் பட்டியலில் தலைகீழாகலாம். இரண்டாவது, காலம். அரசின் நிதியாண்டு மார்ச்சு 31இல் முடிகிறது. கூத்தின் பருவமோ அந்நாட்களிற்றான் விரிகிறது. முன்பணத்திற்குப் பணம் தேவைப்படும் வேளையில் பழைய ஆண்டின் கணக்கு முடிக்கப்பட்டுக் கொண்டிருக்கும். புதிய ஆண்டின் நல்கை இன்னும் தொடங்கியிராது. மூன்றாவது, கணக்கு. ஊரார் தட்டில் இடும் பணமும் தாம்பூலத்தோடு தரும் தொகையும் பற்றுச்சீட்டு இல்லாதவை. எழுதத் தெரிந்த ஒருவர் குறிப்பேட்டில் எழுதிவைக்கும் பங்குக் கணக்கு ஜமாவுக்குள் எவரும் மறுக்காத ஆவணம். தணிக்கையாளர் முன்னர் அது ஆவணமே அன்று. இதனால் நல்கை பெறுவோர் பெரும்பாலும் நன்றாக ஆடுவோராக அன்றி நன்றாக எழுதுவோராக அமையும் வாய்ப்பு மிகுகிறது. விண்ணப்பம் எழுதும் திறன், கூத்தில் இல்லாத ஒரு புதிய வேடமாக உருவெடுக்கிறது.

கன்னடத்து யட்சகானம் இதற்கு மாறான ஒரு சான்றைத் தருகிறது. தர்மஸ்தலம், கட்டீல் முதலிய கோயில்களைச் சார்ந்த மேளங்கள் மழைக்காலம் முடிந்தது முதல் மறு மழை தொடங்கும் வரை ஊர் ஊராக ஆடுகின்றன. வேண்டுதல் நிறைவேறியவர்கள் ஆட்டத்தை நேர்ந்து நடத்துகின்றனர். கட்டீல் மேளத்தின் ஆட்டத்திற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே பதிவு செய்து காத்திருப்போர் உள்ளனர். கோயிலும் நேர்ச்சையும் பருவமும் இணைந்து மேளத்தைத் தாங்குகின்றன. இங்குப் புரவலர் மக்கள். இவ்வமைப்பின் குறையும் வெளிப்படையானது: வேண்டுதலுக்கு உகந்த புராணக் கதைகளே பெரிதும் ஆடப்படும், கலைஞரின் முதுமைக்கு உறுதி இல்லை. அரசின் இடம் அக்குறைகளை நிரப்புவதில்தான் உள்ளது.

இரு முன்மாதிரிகள்

அரசு நல்கை பொருந்தி அமைந்த இரண்டு சூழல்களை இங்கு நோக்குவது பயனுடையது.

முதலாவது கூடியாட்டம். சேரன் செங்குட்டுவன்முன் பறையூர்க் கூத்தச் சாக்கையன் ஆடியதைச் சிலப்பதிகார நடுகற்காதை கூறுகிறது. அச்சாக்கையரோடும் சோழர்காலச் சாக்கைக் காணியோடும் கேரளச் சாக்கியார் மரபைத் தொடர்புபடுத்திப் பார்ப்பது தமிழாய்வில் நெடுங்காலமாக உள்ள வழக்கு. கூத்தம்பலத்திற்குள், குறித்த குடியினருக்கு மட்டும் உரியதாயிருந்த இக்கலையைக் கேரளக் கலாமண்டலம் 1965இல் பாடமாக ஏற்றது. பைங்குளம் இராமச் சாக்கியார் ஆசிரியரானார். பிற குடியினரும் கற்கும் வழி அப்போதுதான் திறந்தது. காணி ஒருபோதும் செய்திராத இச்செயலைப் பொதுநிறுவனம் செய்தது. 2001இல் யுனெஸ்கோ கூடியாட்டத்தை மானுடத்தின் அருங்கலையாக அறிவித்தபின், சங்கீத நாடக அகாதெமி 2007இல் திருவனந்தபுரத்தில் கூடியாட்டத்திற்கென ஒரு மையம் தொடங்கியது. உதவித்தொகை பயிற்சிக்கும் தொடர் நிகழ்த்துதலுக்கும் சென்றமையால் அடுத்த தலைமுறை உருவாயிற்று. இதன் மறுபக்கமும் உண்டு. உலக ஏற்புப் பெற்ற கலைக்குத் தனி மையம் கிடைக்கிறது. அத்தகைய ஏற்பு இல்லாத தோற்பாவைக்கூத்துக்கோ கணியான் கூத்துக்கோ அது கிடைப்பதில்லை. வெளி உலகின் பாராட்டு உள்நாட்டு ஆதரவின் அளவுகோலாகும்போது, அரசின் தன் மதிப்பீடு எங்கே என்னும் வினா எழுகிறது.

இரண்டாவது கருநாடகத்தின் சிமோகா மாவட்டத்திலுள்ள எக்கோடு என்னும் சிற்றூரின் நீநாசம். 1949இல் தொடங்கிய இவ்வமைப்பைக் கே.வி. சுப்பண்ணா வளர்த்தெடுத்தார், 1991இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. 1980இல் நாடகப் பயிற்சி நிறுவனமும் 1985இல் திருகாட்ட என்னும் பயணக் குழுவும் உருவாயின. ஆண்டுதோறும் சில நாடகங்களை ஆயத்தம் செய்து, மாநிலம் முழுவதும் சென்று ஆடுவது அக்குழுவின் பணி. ஒவ்வோர் ஊரிலும் உள்ளூர் அமைப்பாளர் நிகழ்ச்சிப் பொறுப்பை ஏற்கின்றனர். அரசு நிதியும் அறக்கட்டளை நிதியும் நீநாசத்திற்கு வெவ்வேறு காலங்களில் கிடைத்துள்ளன. எனினும் அவை ஊராரின் பங்கிற்கு மாற்றாக அமையவில்லை. அதற்குத் துணையாக அமைந்தன. இங்கு அலகு ஒரு குழுவும் ஒரு பருவமும். யட்சகான மேளம் ஊர் ஊராகச் செல்லும் மரபை நவீன நாடகம் இவ்வாறு தனதாக்கிக் கொண்டது. மரபு ஒப்பனையில் அன்றி அமைப்பில் தொடர்ந்தது. வேர்களின் அரங்கு மேடையில் தேடியதை நீநாசம் வண்டிச் சாலையில் கண்டது எனலாம்.

தன்னாட்சி என்னும் வினா

அலகு பொருந்தினும், வழங்கும் நிறுவனம் தன்னாட்சியோடு இயங்காவிடின் ஆதரவு நிலைக்காது. தேசிய அகாதெமிகளின் செயற்பாட்டை ஆராய 1964இல் பாபா குழு, 1970இல் கோசலா குழு, 1988இல் அக்சர் குழு, 2014இல் அபிஜித் சென்குப்தா தலைமையிலான உயர்நிலைக் குழு எனத் தொடர்ந்து குழுக்கள் அமைக்கப்பட்டன. குழுக்களின் எண்ணிக்கையே சிக்கல் தீராததை உணர்த்துகிறது. 2015இல் எழுத்தாளர் கல்புர்கி கொலையுண்டதை அடுத்துப் பல மொழி எழுத்தாளர்கள் சாகித்திய அகாதெமி விருதைத் திருப்பியளித்தனர். 2023இல் நாடாளுமன்ற நிலைக்குழு ஒன்று, விருதைத் திருப்பியளிக்கமாட்டேன் என்னும் உறுதிமொழியை விருதாளரிடம் முன்கூட்டியே பெறவேண்டும் எனப் பரிந்துரைத்தது. பரிசில் பெற்றவன் புரவலனை இடித்துரைக்கும் உரிமை புறநானூற்றுக் காலத்திலேயே ஏற்கப்பட்ட ஒன்று. தகுதியறியாது கொடுத்த பரிசிலைப் புலவர் மறுத்துச் சென்ற செய்திகள் அத்தொகையில் பல. மறுக்கும் உரிமையோடு கூடியதே பரிசில். அவ்வுரிமையை நீக்கியபின் எஞ்சுவது கூலியாகும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் சில கருத்துகள் பெறப்படுகின்றன. அரசின் ஆதரவு ஆளையும் நிகழ்ச்சியையும் திட்டப்பணியையும் அலகுகளாகக் கொண்டுள்ளது. வட்டார நிகழ்த்துகலையோ குழுவையும் பருவத்தையும் ஊரையும் அலகுகளாகக் கொண்டு வாழ்கிறது. இப்பொருத்தமின்மை நிருவாகக் குறையாகத் தோன்றினும் அதன் விளைவு அழகியல் சார்ந்தது: நெடிய ஆட்டம் குறுகுகிறது, பயிற்சி ஒப்பனையாகிறது, ஆடுபவரைவிட விண்ணப்பிப்பவர் முன்னிற்கிறார். நிலச்சட்டங்களால் காணி நீங்கியது நீதியே. ஆனால் காணியோடு நீங்கிய தொடர்ச்சியை மீட்டளிப்பதும் நீதியின் பாற்பட்டதே.

தொகையைக் கூட்டாமலும் செய்யத்தக்க மாற்றங்கள் உள்ளன. நல்கையைப் பருவத் தொடக்கத்தில் முன்பணமாக வழங்கலாம். ஓராண்டிற்கு மாற்றாகப் பல ஆண்டுகளுக்கு உறுதியளிக்கலாம். ஊரார் திரட்டும் வரிக்கு ஈடான தொகையை அரசு சேர்த்தளிக்கலாம். அவ்வாறாயின் எந்தக் குழு தக்கது என்பதைத் தில்லியோ தலைநகரமோ அன்றி, விடிய விடிய அமர்ந்து காணும் ஊரே முடிவு செய்யும். ஜமாவின் பங்குக் குறிப்பேட்டைக் கணக்காக ஏற்கலாம். விண்ணப்பத்தைக் கலைஞரின் தாய்மொழியில் வாய்மொழியாகவும் பெறலாம். ஊரின் தேர்வு சாதிப் பிரிவினைக்கு இடமளிக்காதவாறு காப்பதும், பறையும் கணியான் கூத்தும் விலக்கப்படாதவாறு நோக்குவதும் அரசின் தனிப்பொறுப்பாக இருத்தல் வேண்டும்.

மலைபடுகடாத்தில் கூத்தனுக்கு வழிகூறுபவன், தான் நடந்து சென்று மீண்ட வழியையே கூறுகிறான். எங்கே சேறு, எங்கே கவலை வழி, எந்த ஊரில் உணவு கிடைக்கும் என்பதை அறிந்து கூறுகிறான். நல்கைத் திட்டங்களை வகுப்போர் கூத்தரின் வழியை நடந்து அறிந்தவராகவோ, அறிந்தவரைக் கேட்பவராகவோ இருத்தல் வேண்டும் என்பதே அந்நூல் இன்றைய அரசுக்கு உணர்த்தும் செய்தியாகும்.